நம்பாமல் கழிந்த ஆறு மாதங்கள்

எங்கள் மகளுக்கு லைம் நோய் வந்த கதையை எழுதும்படி நண்பர்கள் பலமுறை கேட்டதுண்டு. ஒவ்வொரு முறையும் தட்டிக் கழித்தே வந்தோம். நோயைப் பற்றி எழுதுவதில் எங்களுக்குத் தயக்கம் ஏதும் இல்லை. படித்தும் கேட்டும் அதை ஓரளவு தெரிந்துகொண்டுவிட்டோம். ஆனால் அதை எழுதத் தொடங்கினால், நோய் இன்னதென்று தெரியும் முன் நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் எழுதியாக வேண்டும். அதுதான் தடையாக இருந்தது. இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள். தன் பெயரைப் போட வேண்டாம், மற்ற எதையும் மறைக்க வேண்டாம் என்பது அவள் விதித்த நிபந்தனை.

நாங்கள் வசிப்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். வீட்டின் பின்புறம் புல்வெளி, அதைத் தாண்டினால் காடு. வந்த புதிதில் எங்களை வியக்க வைத்தவை அந்தக் காட்டுக்குள் ஓடும் கற்சுவர்கள். ஆள் நடமாட்டமே இல்லாத மரங்களுக்கிடையில் இடுப்பளவு உயரத்துக்கு யார் சுவர் கட்டினார்கள் என்று கேட்டுக்கொண்டோம். பிறகுதான் விவரம் தெரிந்தது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிருந்த காடுகளை வெட்டி வயலும் மேய்ச்சல் நிலமுமாக மாற்றினார்கள். உழ உழ மேலே வந்த கற்களை எல்லையோரம் அடுக்கினார்கள். பின்னர் நல்ல மண்ணைத் தேடி மேற்கேயும், வேலை தேடி ஆலைகளுக்கும் மக்கள் போய்விட, கைவிடப்பட்ட வயல்களை மரங்கள் மீட்டுக்கொண்டன. இன்று மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட நிலம் மீண்டும் காடு. அருகிப்போயிருந்த மான்கள் திரும்பி வந்தன. கற்சுவர்களின் இடுக்குகளில் வெள்ளைக்கால் எலிகள் குடியேறின. அந்தக் காட்டுக்குள் வீடுகளைக் கட்டிக்கொண்டு எங்களைப் போன்றவர்களும் வந்து சேர்ந்தோம்.

இந்த மூவருக்கும் இடையில் போய்வரும் உயிர் ஒன்று உண்டு. அதுதான் உண்ணி.

ஊரில் உண்ணியைப் பார்த்திராதவர்கள் குறைவு. மாட்டின் காதோரத்திலும் மடியிலும் ரத்தம் குடித்து உருண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தேடிக் கொத்தவே மாட்டோடு மாடாக நடக்கிறது என்று ஒரு வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் இங்கே நோயைக் கொண்டுவரும் கருங்கால் உண்ணி அந்த அளவில் இருப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, அடுத்து இளம் உண்ணி, பிறகு முதிர்ந்த உண்ணி என்று பொதுவாக இரண்டு ஆண்டு வாழ்க்கை அதற்கு. ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை வயிறு நிறைய ரத்தம் குடிக்கும். முதிர்ந்தது எள்ளளவு, இளம் உண்ணி கசகசா அளவு. மனிதர்களுக்கு நோயைத் தருவது பெரும்பாலும் இந்தக் கசகசாதான். மே மாதம் முதல் ஜூலை வரை அதற்கு வேட்டைக் காலம். பறக்கவோ குதிக்கவோ அதற்குத் தெரியாது. புல் நுனியிலும் உதிர்ந்த இலைகளின் மேலும் முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். உரசிக்கொண்டு போகிற எதன்மீதும் தொற்றிக்கொள்ளும். கடித்தால் வலிக்காது.

உண்ணி பிறக்கும்போது அதனிடம் இந்த நோய்க்கிருமி இருப்பதில்லை என்பது நாங்கள் தாமதமாகத் தெரிந்துகொண்ட செய்தி. குஞ்சாக இருக்கையில் எலியின் ரத்தத்தைக் குடிக்கும்போதுதான் அந்தச் சுருள் வடிவ பாக்டீரியா அதற்குள் வருகிறது. மான் உண்ணி என்று பெயர் வைத்து மானின்மேல் பழி போட்டிருந்தாலும், மான் கிருமியைக் கொடுப்பதில்லை. முதிர்ந்த உண்ணிக்கு உணவாகி அதன் இனம் பெருகத்தான் உதவுகிறது.

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம். எங்கள் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோடை விடுமுறையில் நாளெல்லாம் கற்சுவர்களின் மேல் ஏறி நடப்பதும் அங்கேயே உட்கார்ந்து படிப்பதுமாக இருந்தாள். ஒருநாள் இடது முழங்காலின் பின்புறம் வட்டமாக ஏதோ இருப்பதாகக் காட்டினாள். உள்ளங்கை அளவுக்கு, சற்றே கருத்து, ஊதா சாயலோடு இருந்தது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. படர்தாமரை என்று முடிவு செய்து களிம்பு தடவினோம். மூன்று வாரங்களில் மறைந்தது. களிம்பு நன்றாக வேலை செய்கிறது என்று பேசிக்கொண்டோம்.

அது களிம்பால் மறையவில்லை. லைம் நோயின் முதல் அடையாளமான அந்தத் தடிப்பு, கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் தோன்றி, நாளாக நாளாக விரிந்து, மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் தானே மறைந்துவிடும். நோய் கண்டவர்களில் 70 முதல் 80 விழுக்காட்டினருக்கு அது தோன்றுகிறது. எங்கள் ஊர் நூலகத்திலும் பூங்கா வாசலிலும் அதன் படத்தைப் பலமுறை பார்த்திருந்தோம். வெள்ளைத் தோலின்மேல் செக்கச்சிவந்த வளையம், நடுவில் ஒரு புள்ளி, அம்பெய்யும் பலகையைப் போல. எங்கள் மகளின் மாநிறத் தோலில் சிவப்பும் இல்லை, வளையமும் இல்லை. கறுத்த தோலில் அது காயம்பட்ட தழும்புபோலத் தெரியலாம் என்பதையும், அதனால் பலருக்கு நோய் தாமதமாகவே கண்டறியப்படுகிறது என்பதையும் அன்று எங்களுக்குச் சொல்ல ஒரு படமும் இல்லை.

ஆகஸ்டில் இரண்டு நாள் காய்ச்சல், தலைவலி. ஏதோ வைரஸ், ஓய்வெடுத்தால் போதும் என்றார் மருத்துவர். செப்டம்பரில் பள்ளி திறந்தது. அதிலிருந்துதான் எங்கள் ஆறு மாதங்கள் தொடங்குகின்றன.

காலையில் எழ முடியவில்லை என்றாள். இரவு வெகுநேரம் படிப்பதால் என்றோம். படித்த பக்கம் நினைவில் நிற்கவில்லை என்றாள். கவனம் போதாது என்றோம். அக்டோபரில், முழங்கால் வலிக்கிறது, பரத நாட்டிய வகுப்புக்குப் போகவில்லை என்றாள். அடுத்த வாரம் வலி இல்லை, ஓடிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரம் மறுபடி வலி, இந்த முறை மற்றக் காலில். வலி இடம் மாறுவதைப் பார்த்ததும் எங்களுக்குத் தீர்மானமாகிவிட்டது. நடனம் பிடிக்கவில்லை, நேரே சொல்லப் பயப்படுகிறாள், சாக்குச் சொல்கிறாள். அரங்கேற்றக் கனவு எங்களுடையது என்பதும், அது அவளுக்குத் தெரியும் என்பதும் இந்த ஊகத்துக்கு வலு சேர்த்தன. நாங்கள் கத்தவில்லை, அடிக்கவில்லை. மிகவும் நாகரிகமாக அவளை நம்பாமல் இருந்தோம்.

டிசம்பரில் ஓர் இரவு, வகுப்பிலிருந்து திரும்பும் வழியில், காரின் பின்னிருக்கையிலிருந்து சொன்னாள்: "நீங்க ரெண்டு பேருமே நம்பலன்னா நான் வேற யார்கிட்ட போய்ச் சொல்றது?" அதற்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. வீடு வந்து இறங்கும் வரை யாரும் பேசவில்லை. மறுவாரமும் வகுப்புக்கு அழைத்துச் சென்றோம்.

பிப்ரவரியில் ஒரு காலை இடது முழங்கால் இளநீர்க் காய்போல வீங்கியிருந்தது. வீக்கத்தைப் பார்த்தால் துடித்துக் கதற வேண்டும். அவளோ வலி அவ்வளவாக இல்லை, மடக்கத்தான் முடியவில்லை என்றாள். பெரிய வீக்கம், அதற்கு ஒவ்வாத சிறிய வலி. லைம் மூட்டு அழற்சியின் குணமே அதுதான் என்று மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்பட்டார். ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், தொடக்கத்தில் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எட்டு மாதங்கள் கழிந்திருந்ததால் எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தாமதத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே பயன் அது.

டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாட்கள். தொடக்கத்திலேயே கண்டிருந்தால் 10 முதல் 14 நாட்களில் முடிந்திருக்கும்.

ஊரிலிருக்கும் பாட்டியிடம் தொலைபேசியில் சொன்னோம். "மாட்டுல இருக்குமே, அந்த உண்ணியா? அதுக்கா இவ்வளவு?" என்றார். பிறகு, அங்கே மழைக்காலத்தில் பேசப்படும் உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்று பயந்தார். அது வேறு கிருமி, வேறு பூச்சி, ஆனால் மருந்து மட்டும் பெரும்பாலும் இதே மாத்திரைதான் என்று விளக்கினோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "புள்ள எத்தன நாளா வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தா?"

லைம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடியது அந்த நாட்களில்தான். எலுமிச்சைக்கும் சுண்ணாம்புக்கும் அதில் சம்பந்தம் இல்லை. கனெக்டிகட் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரத்தில், லைம், ஓல்டு லைம் என்று இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரின் நினைவாக வைத்த பெயர். ஓல்டு லைமில் நூறாண்டுக்கு முன் ஓவியர்கள் கூடி வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். அதைப் பார்க்க இருமுறை போயிருக்கிறோம், நோயின் பெயர் அந்த ஊருடையது என்பதை நினைக்காமலே.

அங்கே லைமில் வாழ்ந்தவர் பாலி மர்ரி என்ற ஓவியர், நான்கு பிள்ளைகளின் தாய். 1960களிலிருந்து அவருக்கும் பின்னர் அவர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மூட்டு வீக்கம், தடிப்பு, காய்ச்சல், களைப்பு என்று மாறி மாறி வந்தன. மருத்துவர்கள் பலர் அவரை நம்பவில்லை. மனப் பிரமை என்ற பொருள்பட அவரிடமே பேசினார்கள். அவர் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு இப்படி என்று பட்டியல் போட்டார். 1975ல் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். ஓல்டு லைமிலிருந்து ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் அதே ஆண்டு அதே துறையை அழைத்தார். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஆலன் ஸ்டீர் ஆராய வந்தார். லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹாடம் ஆகிய மூன்று ஊர்களில் 51 பேருக்கு மூட்டு அழற்சி இருப்பதைக் கண்டார். அவர்களில் 39 பேர் குழந்தைகள். குழந்தைகளின் முடக்குவாதம் தொற்றுநோயைப் போல ஒரே தெருவில் பலருக்கு வராது. ஆகவே இது வேறு என்று 1977ல் எழுதினார். 1981ல் மான்டானா மாநில ஆய்வகம் ஒன்றில், நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை அறுத்துப் பார்த்த வில்லி பர்க்டார்ஃபர், அவற்றின் குடலில் அந்தச் சுருள் பாக்டீரியாவைக் கண்டார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இதையெல்லாம் படித்தபோது எங்களுக்குப் பட்டது இதுதான். விஞ்ஞானிகள் நுண்ணோக்கியில் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு தாய் தன் பிள்ளைகள் சொன்னதை நம்பி எழுதி வைத்திருந்தார். அவரை மருத்துவர்கள் நம்பவில்லை என்று அறிந்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது. அடுத்த கணமே, நாங்கள் அந்தக் கதையில் யாருடைய இடத்தில் இருந்தோம் என்பதும் புரிந்தது. நாங்கள் அந்தத் தாயின் இடத்தில் இல்லை.

மாத்திரை முடிந்தது, முழங்கால் வற்றியது. களைப்பு மட்டும் போகவில்லை. பெரும்பாலானோர் முழுக்கக் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு, சிகிச்சைக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் களைப்பும் வலியும் மந்தமும் நீடிக்கின்றன. இதற்குச் சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறித் தொகுதி என்று நீளமான பெயர் இருக்கிறது. நிறுவப்பட்ட மருந்து இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தணியாமல் இருப்பதாலா, செத்த கிருமியின் மிச்சங்களாலா என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இறந்த பாக்டீரியாவின் சுவர்த் துணுக்குகள் சிலருடைய மூட்டு நீரில் தங்கிவிடுவதை 2019ல் ஓர் ஆய்வு காட்டியது.

முன்பு நம்பாமல் இருந்ததற்குப் பிராயச்சித்தமாக, இப்போது எதைச் சொன்னாலும் நம்பத் தொடங்கினோம். தனியார் சிகிச்சை மையம் ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டு மகளை அழைத்துச் சென்றோம். கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறது, நரம்பு வழியாக மாதக்கணக்கில் மருந்து ஏற்றினால் நிச்சயம் போய்விடும் என்றார்கள். செலவு பல ஆயிரம் டாலர், காப்பீடு தராது. எங்கள் மருத்துவரிடம் கேட்டோம். ஏன் களைப்பு நீடிக்கிறது என்று தமக்குத் தெரியாது என்றார். ஆனால் நீண்டநாள் ஆன்டிபயாடிக்கைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு என்று எடுத்துக் காட்டினார். 2001ல் அமெரிக்காவிலும் 2016ல் நெதர்லாந்திலும் வெளியானவை அவை. மாதக்கணக்கில் மருந்து பெற்றவர்களுக்கு நிலையான கூடுதல் பயன் எதையும் அவை காணவில்லை. நரம்பில் மாதக்கணக்கில் குழாய் இருந்தால் வேறு தொற்று வரும் ஆபத்தும் உண்டு.

ஒருபுறம் "தெரியாது" என்ற நேர்மை, மறுபுறம் "நிச்சயம்" என்ற ஆறுதல். எங்கள் மனம் ஆறுதலின் பக்கமே சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கிக் கடனுக்கு விண்ணப்பம்கூட எடுத்தோம். தடுத்தவள் மகள்தான். பதின்மூன்று வயதுப் பெண் எங்களை எதிரே உட்காரவைத்துச் சொன்னாள்: "எனக்கு மருந்து வேணும்னு நான் கேக்கல. டயர்டா இருக்குன்னு சொன்னா, டயர்டா இருக்குன்னு எடுத்துக்கங்க. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. காலையில் பத்துக்கு எத்தனை என்று அவள் சொல்வாள். நான்கு என்றால் பள்ளிக்குத் தாமதமாகப் போவாள்; எட்டு என்றால் மாலையில் நண்பர்களோடு வெளியே போவாள். சொன்ன எண்ணுக்கு நாங்கள் ஆதாரம் கேட்பதில்லை. நேற்று எட்டு, இன்று எப்படி மூன்று என்றும் கேட்பதில்லை. எட்டு வந்த நாளில் விட்டதையெல்லாம் பிடித்துவிட முயன்றால் மறுநாள் இரண்டாகிவிடும் என்பதை மூவரும் மெல்லக் கற்றோம். பள்ளியில் 504 திட்டம் என்ற சட்டப்பூர்வமான ஏற்பாட்டின் கீழ்த் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. நடன வகுப்பை அவளே நிறுத்தினாள். இரண்டாண்டுகள் கழித்து அவளே மீண்டும் தொடங்கினாள், வாரம் ஒரு நாள், அரங்கேற்றம் என்ற பேச்சே இல்லாமல். மூன்றாம் ஆண்டில் ஏழுக்குக் கீழே போன நாட்கள் அரிதாயின. ஏன் குறைந்தது என்பதும் தெரியாது. காலம் போனது, அவ்வளவே.

இந்த நோய் எங்களுடையது மட்டுமன்று. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் இதற்காகச் சிகிச்சை பெறுவதாக நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021ல் மதிப்பிட்டது. 1998ல் அனுமதி பெற்ற ஒரு தடுப்பூசி, வழக்குகளும் அச்சமும் சூழ, வாங்குவோர் குறைந்து 2002ல் விலக்கப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல், நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு, மனிதர்களுக்கு இல்லை என்ற நிலையே நீடித்தது. எழுத்தாளர் ஏமி டான் தமக்கு வந்த லைம் நோயைப் பற்றியும், காரணம் தெரியாமல் மருத்துவர் மருத்துவராக அலைந்ததைப் பற்றியும் 2003ல் வெளிவந்த கட்டுரை நூலில் எழுதியிருக்கிறார். சொல்லையே தொழிலாகக் கொண்டவருக்கே தம் உடலைப் பிறருக்குப் புரியவைப்பது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு "வலிக்குது" என்ற ஒரு சொல்தான் இருந்தது.

காட்டை விட்டு வேறு ஊருக்குப் போகச் சொன்னவர்கள் உண்டு. போகவில்லை. வெளியே போய் வந்ததும் உடைகளைக் கழற்றி உலர்த்தும் இயந்திரத்தின் கடும் சூட்டில் பத்து நிமிடம் போடுகிறோம். முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், தலைமுடி என்று தேடுகிறோம். உண்ணி ஒட்டியிருந்தால் பதற்றப்படாமல், நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்கிறோம். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் தவறு. ஒட்டி ஒரு நாள் ஆவதற்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றுவது அரிது.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சென்ற ஜூனில் வந்திருந்தபோது மறுபடியும் கற்சுவரின்மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள், காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு. மாலையில் உள்ளே வந்து, "இன்னைக்கு அஞ்சுதான்" என்றாள். சமையலறையில் இருந்த நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே, "சரி, போய்ப் படும்மா" என்றோம். அந்த "சரி"யைச் சொல்லக் கற்றுக்கொள்ள எங்களுக்கு அவ்வளவு காலம் ஆனது.